ஞாயிறு காலை ரெயில் ஏறினால் மத்தியானம் மலை இறங்கி வீடு திரும்பலாம்!

குரோம்பேட்டை ரெயில் நிலைய வாசல். ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 5.30 மணி.

டீக்கடையில் கூட்டம் இல்லை. பூக்கூடையுடன் இரண்டு பெண்கள். ராத்திரி டூட்டி முடிந்து வீடு திரும்பும் காவலாளி ஒருவர். அவர்களுக்கு நடுவே ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், 66 வயதில் ஒரு பாட்டி. தோளில் ஒரு பை. பைக்குள் புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் பாட்டில்கள்.

"என்ன சார், குடும்பத்தோட ஊருக்கா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"ஊருக்கு இல்லீங்க. மலைக்கு."

"மலைக்கா? ஊட்டியா சார்?"

"திருக்கழுக்குன்றம். ரெண்டு மணிக்குள்ள திரும்பி வந்துடுவோம்."

டீக்கடைக்காரர் சிரித்து விட்டார். "போகவே ரெண்டு மணி ஆயிடுமே சார்!"

அந்தக் கிளார்க்கும் சிரித்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்துக் கொண்டார். அதில் நேரங்கள் வரிசையாக எழுதி இருந்தன. ஒரு விசேஷம் என்னவென்றால், அந்தச் சீட்டில் முதலில் எழுதி இருந்தது புறப்படும் நேரம் அல்ல. திரும்பி வரும் நேரம்!

ஊட்டிக்குத்தான் போகணுமா?

மலை என்றாலே சென்னைவாசிக்கு ஊட்டியும் கொடைக்கானலும் ஏற்காடும்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு லீவு வேண்டும். லாட்ஜ் வேண்டும். பணம் வேண்டும். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லியே பிள்ளைகள் வளர்ந்து விடுவார்கள்.

ஆனால் மின்சார ரெயிலில் உட்கார்ந்தபடியே பார்க்கக் கூடிய மலைகள் சென்னையிலேயே உண்டு. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று வரிசையாக வரும். தினமும் ஆபீசுக்குப் போகிறவர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்து, பார்க்காமலே போகிறார்கள்.

பல்லாவரத்து மண் லேசுப்பட்டது அல்ல. ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் 1863-ம் ஆண்டு மே மாதம் ஆதிமனிதன் பயன்படுத்திய கல் ஆயுதத்தை இங்கேதான் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே அந்தக் கல்லில் இருந்துதான்.

கணக்கைத் திருப்பிப் போடு

ஒரு நாள் மலைப் பயணத்தில் பலர் செய்கிற தப்பு ஒன்றுதான். எப்போது கிளம்புவது என்று மட்டும் பேசுவார்கள். எப்போது திரும்புவது என்று பேச மாட்டார்கள்.

குரோம்பேட்டைக் கிளார்க் அப்படிச் செய்யவில்லை. அவர் போட்ட கணக்கு இது:

மத்தியானம் 2 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அப்படியானால் 12.30 மணிக்குள் செங்கல்பட்டில் ரெயில் ஏற வேண்டும். அதற்கு 11.15 மணிக்குத் திருக்கழுக்குன்றத்தில் பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு 10.45-க்கு அடிவாரத்தில் நிற்க வேண்டும். அதற்கு 10 மணிக்கு, எங்கே இருந்தாலும், இறங்கத் தொடங்கி விட வேண்டும். ஏறுவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்தால், 8.15 மணிக்கு முதல் படியில் கால் வைக்க வேண்டும். ஆகவே காலை 6 மணிக்குள் குரோம்பேட்டையில் வண்டி ஏற வேண்டும்.

இப்படித் திருப்பிக் கணக்குப் போட்டால், எத்தனை மணிக்கு அலாரம் வைப்பது என்று தானாகவே தெரிந்து விடும்.

ஞாயிறு அட்டவணை வேறு

ரெயிலில் மலைக்குப் போகிறவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. வாரநாளில் ஓடும் வண்டி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அன்றைக்கு வண்டிகள் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு வேலை என்று சில நேரங்களில் மணிக்கணக்கில் சர்வீசை ரத்து செய்து விடுவார்கள். முதல் நாளே அறிவிப்பு வந்து விடும். சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவை பார்த்துக் கொண்டால் போதும்.

அதோடு, கடற்கரையில் இருந்து கிளம்பும் எல்லா வண்டியும் செங்கல்பட்டு போகாது. பாதி வண்டி தாம்பரத்தோடு நின்று விடும். தாம்பரத்தைத் தாண்டினால் வண்டிகளின் இடைவெளி அதிகம். ஒரு வண்டியைத் தவற விட்டால் பிளாட்பாரத்தில் வெகுநேரம் உட்கார வேண்டியதுதான்.

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமையும் அது செல்லும். கடற்கரை-தாம்பரம் சீசன் இருந்தால் பரங்கிமலைக்குத் தனி டிக்கெட் தேவை இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்தால் போதும். அதுவும் ஓட்டலில் குடிக்கிற ஒரு காபி விலையை விடக் குறைவுதான்.

முதல் பாடம்: பரங்கிமலை

மலை ஏறிப் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. ரெயில் நிலையத்தில் இருந்து நடந்தே அடிவாரத்துக்குப் போய் விடலாம்.

படிகள் நூற்று முப்பதுக்கு மேல். 1726-ம் ஆண்டில் பெட்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது இருந்த பழைய பாலமும் அவர் கட்டியதுதான். படி ஏற முடியாதவர்களுக்கு வாகனம் போகும் பாதை தனியாக இருக்கிறது.

மேலே போர்த்துகீசியர்கள் 1523-ல் கட்டிய மாதா கோவில். எந்த மதத்தவரும் போய் உட்காரலாம். கீழே விமான நிலையம் தெரியும். விமானம் ஓடுபாதையில் இறங்குவதை மேலே இருந்து குனிந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும்.

இன்னொரு பெருமையும் இந்த மலைக்கு உண்டு. 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி இந்தியாவை அளக்கத் தொடங்கியது இந்த மலையடிவாரத்தில்தான். சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். அந்த அளவுப் பணி வடக்கே போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையே கண்டுபிடித்துச் சொன்னது. உலகத்தின் உயரமான மலைக்கு வழி நம்ம பரங்கிமலையில் தொடங்குகிறது!

குரோம்பேட்டைக் குடும்பமும் போன மாதம் இங்கேதான் ஒத்திகை பார்த்தது. பாட்டி எத்தனை படிக்கு ஒரு தடவை உட்காருகிறார் என்று மகன் எண்ணி வைத்துக் கொண்டார். முப்பது படிக்கு ஒரு தடவை! அதை வைத்துத்தான் திருக்கழுக்குன்றத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கினார்.

வீட்டில் யார் கால் பலவீனமானதோ, அவர் காலை வைத்துத்தான் மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளவட்டத்தின் காலை வைத்து அல்ல.

கழுகு வந்த மலை

செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ரெயிலை ஒட்டியே வரும். ஜன்னலோரத்துக்குச் சண்டை போடாத பிள்ளை கிடையாது. செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால் சுமார் 14 கி.மீ. தூரத்தில் திருக்கழுக்குன்றம்.

மலை சுமார் 500 அடி உயரம். படிகள் சுமார் 565. உச்சியில் வேதகிரீசுவரர் கோவில். கீழே பக்தவத்சலேசுவரர் கோவிலின் கோபுரங்களும் சங்கு தீர்த்தக் குளமும் படம் வரைந்தது போலத் தெரியும். இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் வந்து பார்த்த டச்சுக்காரர்கள் அதில் தங்கள் பெயரைச் செதுக்கி விட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் பேர் எழுதும் வியாதி நம்ம ஆட்களுக்கு மட்டும் உள்ளது அல்ல!

ஒரு காலத்தில் இந்த மலைக்கு உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வரும். பாறையில் உட்கார்ந்து, பூசாரி ஊட்டும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டு விட்டுப் பறந்து போகும். அதைப் பார்க்கவே ஊர் ஊராக ஜனங்கள் வருவார்கள். 1990-களின் பிற்பகுதியோடு அந்த வரவு நின்று விட்டது.

அந்தப் பறவை மஞ்சள் முகம் கொண்ட பாறு என்கிற இனம். மாடுகளுக்குப் போட்ட வலி மருந்து ஒன்று, செத்த மாட்டைத் தின்ற பாறுகளுக்கு விஷமாகி, நாடு முழுவதும் பாறுகள் பெருமளவில் அழிந்தன. அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2006-ல் தடை போட்டார்கள். ஆனால் கழுகுக்குன்றத்துக்குக் கழுகு திரும்பவில்லை.

குரோம்பேட்டைப் பாட்டி சின்ன வயதில் அந்தக் கழுகுகளைப் பார்த்தவர். "ஒரு தடவை அந்தப் பாறையைப் பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டணும்டா" என்று பல வருஷமாகக் கேட்டுக் கொண்டிருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அதற்காகத்தான்.

வருஷத்துக்கு 365, படியும் 365

திருக்கழுக்குன்றம் பழகியவர்கள் அடுத்து திருத்தணிக்குப் போகலாம். சென்டிரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்தில் இருந்து மின்சார ரெயில் உண்டு. 80 கி.மீ.க்கு மேல் தூரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இங்கே கவனம் வேண்டும். பல வண்டிகள் சுமார் 70 கி.மீ. தூரத்தில் உள்ள அரக்கோணத்தோடு நின்று விடும். போர்டில் "திருத்தணி" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏற வேண்டும். அரக்கோணம் வண்டியில் ஏறி விட்டால், அங்கே இறங்கி மறு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். காலைக் குளிர்ச்சி பிளாட்பாரத்திலேயே தீர்ந்து விடும்.

திருத்தணியில் படிகள் 365. வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. டிசம்பர் 31-ந்தேதி ராத்திரி படிப்பூசைத் திருவிழா நடக்கும். அன்றைக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் ஏகப்பட்ட கூட்டம். நிதானமாக மலை ஏற நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. மேலே வரை சாலை இருப்பதால், வயதானவர்கள் வண்டியில் போய் உச்சியில் காத்திருக்கலாம். ஒரே குடும்பத்தில் ஏறுகிறவரும் ஏறாதவரும் ஒரே இடத்தில் போய்ச் சேர முடிகிற மலை இது.

பெயரைப் பார்த்து ஏமாறாதே!

கடைசியாக சோளிங்கர். இது சாமானியமான மலை அல்ல. யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி. எதிரே ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படி.

அரக்கோணம்-காட்பாடி பாதையில் சோளிங்கர் என்றே ஒரு ரெயில் நிலையம் இருக்கிறது. 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் ஓடிய அதே பாதை. ஆனால் நிலையத்தில் இறங்கி "மலை எங்கே?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஊர் அங்கிருந்து 10 கி.மீ.க்கு மேல். மலை அதற்கும் அப்பால். பஸ்சோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். இந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள் உச்சி வெயிலில் முதல் படியில் நிற்பார்கள்.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் பெரிய மலைக்கு ரோப் கார் திறந்தார்கள். ஏறும்போது படி, இறங்கும்போது ரோப் கார் என்று வைத்துக் கொள்வது முழங்காலுக்கு நல்லது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும்; இறங்கும்போதுதான் முழங்கால் போகும். இது பலருக்குத் தெரிவதில்லை.

செருப்பு இல்லாத கால்

கோவில் மலைகளில் ஒரு பெரிய விஷயம் உண்டு. செருப்பை அடிவாரத்திலேயே விட்டு விட வேண்டும். காலை 8 மணிக்குக் குளுகுளு என்று இருக்கும் கருங்கல் படி, 11 மணிக்குத் தோசைக்கல். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது கால் கொப்பளிக்கும். முதல் ரெயிலைப் பிடி என்று சொல்வதற்குக் காரணமே இந்தக் கல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் திருக்கழுக்குன்றத்தில் அது நடந்தது. காலேஜ் பையன்கள் இரண்டு பேர் 11 மணிக்குத்தான் ஏற வந்தார்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. "இதெல்லாம் ஒரு மலையா?" என்று சொல்லிக்கொண்டு படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஓடினார்கள். கால் மணி நேரத்தில் ஓரத்து நிழலில் ஒதுங்கி, காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து விட்டார்கள்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம். தலையில் துண்டு அல்லது தொப்பி. தின்பண்டத்தைக் கையில் தெரிகிற மாதிரி எடுத்துப் போனால் குரங்கு பிடுங்கும். ஜிப் வைத்த பையில் போட்டு விட வேண்டும். நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

மார்கழி முதல் மாசி வரை மலைக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் படி வழுக்கும். அக்னி நட்சத்திரத்தில் மலைப் பேச்சே வேண்டாம்.

ரெயிலுக்கு அவசரம் என்று தண்டவாளத்தைத் தாண்டுவதும் வேண்டாம். மலையில் 500 படி ஏறியவருக்கு நடைமேம்பாலத்தில் 40 படி பெரிசா?

படி வேறு, காடு வேறு

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கோவில் படி ஏறிப் பழகியதும் "காட்டுக்குள்ளேயும் போய்ப் பார்ப்போமே" என்று ஆசை வரும். படி வேறு, காடு வேறு.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்து போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அவர்களில் சென்னையில் இருந்து போனவர்களும் உண்டு. காய்ந்த புல் பற்றி எரிந்தபோது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

அதன்பிறகு மலைக்காட்டு நடைக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகிற ஏற்பாட்டைத் தொடங்கியது. காட்டுக்குப் போக நினைப்பவர்கள் அந்த வழியில்தான் போக வேண்டும். அனுமதி இல்லாமல் குறுக்கு வழி காட்டுகிறேன் என்பவரை நம்பிப் போகக் கூடாது.

10 மணி அடித்தது

குரோம்பேட்டைக் குடும்பம் திட்டமிட்டபடி 8.15 மணிக்கு ஏறத் தொடங்கியது. பிள்ளைகளும் அம்மாவும் முன்னால் போய் விட்டார்கள். பாட்டியும் மகனும் பின்னால். முப்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்து...

400 படி தாண்டியாயிற்று. மணி 10.

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "இன்னும் அரைமணி நேரம் ஆனா பரவாயில்லம்மா. மெதுவா ஏறிடலாம். அடுத்த வண்டியில போய்க்கலாம்" என்றார்.

பாட்டி படியைத் தொட்டுப் பார்த்தார். கல் சுடத் தொடங்கி இருந்தது.

"வேணாம்டா. குழந்தைங்க காலு தாங்காது. மலை எங்கயும் ஓடிப் போகாது. வண்டிதான் போயிடும்."

அங்கேயே உட்கார்ந்து உச்சியைப் பார்த்துக் கும்பிட்டார். இறங்கி வந்த பேரப்பிள்ளைகளிடம் கழுகு எந்தப் பக்கம் இருந்து வரும், எப்படிச் சிறகை மடக்கி உட்காரும் என்று கையை விரித்துக் காட்டினார். சின்னவள் வானத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

மத்தியானம் 1.40 மணி. குரோம்பேட்டை டீக்கடை.

"அட! சொன்ன மாதிரி வந்துட்டீங்களே சார்!" என்றார் டீக்கடைக்காரர். "பாட்டிம்மா, உச்சி வரைக்கும் போனீங்களா?"

"இல்லப்பா" என்றார் பாட்டி. "நூத்தி அம்பது படி பாக்கி இருக்கு. மார்கழியில வந்து தீர்த்துடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."